டிவிஷன் 3 நீச்சல்: கோச் "ப்ரீ-ரீட் பண்ணலாம்"னு சொன்னா சீட் உறுதியா?

மதி_அம்மா:

வணக்கம். என் பொண்ணு இங்க அமெரிக்காவுல இப்ப லெவன்த் கிரேட். சின்ன வயசுலேர்ந்து க்ளப்ல நீந்துறா, பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தான் மெயின், 100 யார்டு 1:06, 200 அதைவிட ஸ்ட்ராங்னு சொல்றாங்க. படிப்பும் நல்லா வருது, ஏபி (ஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் லெவல் கோர்ஸ்) நிறைய எடுத்திருக்கா, எஸ்ஏடி (காலேஜ் அட்மிஷனுக்கான டெஸ்ட்) 1490. பெரிய யூனிவர்சிட்டி டிவிஷன் 1 டீமுக்கு இந்த டைம் பத்தாதுன்னு அவ கோச் ஓப்பனாவே சொல்லிட்டாரு, அதனால வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், போடின் மாதிரி டிவிஷன் 3ல ஆடற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் கோச்சுங்களுக்கு அவளே மெயில் போட ஆரம்பிச்சா.

அந்த மாதிரி ஒரு காலேஜ்லேர்ந்து (பேர் வேணாமே) நல்ல பதில் வந்திருக்கு. கோச் போன்ல ரொம்ப நேரம் பேசினாங்க, "ஜூலைல உன் ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்பு, அட்மிஷன்ஸ்ல கொடுத்து ப்ரீ-ரீட் பண்ணச் சொல்றேன்"னாங்களாம், அதாவது அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அவ ஃபைலைப் பாத்துச் சொல்றது. அன்னைலேர்ந்து இவளுக்குக் கால் தரையில பாவல. க்ளப்ல ஒரு அம்மா "கோச் கூப்பிட்டா முடிஞ்சுது, சீட் கன்ஃபர்ம்"ங்கறாங்க. இன்னொருத்தர் "டிவிஷன் 3ல ஸ்காலர்ஷிப்பே கிடையாது, கோச்சுக்கு ஒரு பவரும் இல்ல, நம்பி ஏமாறாதீங்க"ங்கறாரு. ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட கேட்டா, பாவம் அவங்க தலையில நூத்துக்கணக்குல பிள்ளைங்க, "நல்ல விஷயம், ட்ரை பண்ணுங்க"ன்னு முடிச்சிட்டாங்க.

இதுல எது நெஜம்? கோச் வார்த்தைக்கு எவ்ளோ வெயிட்? எங்க வீட்டுக்காரருக்கு வேற ஒரு உறுத்தல், படிப்புக்குக் கொடுக்க வேண்டிய சீட்டை நீச்சலுக்காக வாங்கறது சரியான்னு. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

கிராஸ்கன்ட்ரி_அப்பா:

மதி அம்மா, அவங்க ரெண்டு பேர் சொன்னதும் பாதி பாதி தான் சரி. என் பையன் ஓட்டத்துல இதே வழியில ஒரு நெஸ்காக் காலேஜுக்குப் போனான், இப்ப செகண்ட் இயர். நெஸ்காக்னா நீங்க சொன்ன மூணு காலேஜும், மிடில்பரி, டஃப்ட்ஸ், வெஸ்லியன் எல்லாம் சேர்ந்த 11 காலேஜ் கான்ஃபரன்ஸ். தெரிஞ்சதை எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஸ்போர்ட்ஸுக்குன்னு ஒரு பைசா கொடுக்கக்கூடாதுங்கறது டிவிஷன் 3க்கு என்சிஏஏ (காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற அமைப்பு) போட்ட ரூல், அது உண்மை. ஆனா பணம் கொடுக்க முடியாதுன்னா பவர் இல்லன்னு ஆயிடாது. இந்த காலேஜ் கோச் கையில இருக்கறதே அட்மிஷன்ல ஒரு வார்த்தை சொல்ற உரிமை தான், நூறு பேர் அப்ளை பண்ணா பத்து பேர் உள்ள போறதே கஷ்டமான இடத்துல அந்த ஒரு வார்த்தை எவ்ளோ பெருசுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சின்ன காலேஜ்ல இது ஏன் இவ்ளோ முக்கியம்னா மொத்தத் தலை எண்ணிக்கை தான் காரணம். மிஷிகன் யூனிவர்சிட்டில அண்டர்கிராஜுவேட் மட்டும் 30,000 பேருக்கு மேல, அதுல வார்சிட்டி டீம்ல, அதாவது காலேஜ் சார்பா போட்டில ஆடற டீம்ல, இருக்கறவங்க மூணு சதவீதம் வாக்குல. வில்லியம்ஸ்ல மொத்தமே சுமார் 2,000 பேர், ஆனா 32 வார்சிட்டி டீம் நடத்தறாங்க. அத்தனை டீமுக்கும் ஆள் வேணும், வருஷா வருஷம் வேணும், நாலு பேர் பட்டம் வாங்கிட்டுப் போனா நாலு பேர் வந்தே ஆகணும். அதனால இந்த மாதிரி இடத்துல மூணுல ஒருத்தர் ஏதோ ஒரு டீம்ல இருப்பாங்க. விளையாட்டுக்குப் பேர் போன டிவிஷன் 1 யூனிவர்சிட்டியை விட, படிப்புக்குப் பேர் போன இந்தச் சின்ன காலேஜ்ல தான் அட்மிஷனை ஸ்போர்ட்ஸ் அதிகமா மாத்துது, இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

ஆம்ஹெர்ஸ்ட் 2016ல தங்க காலேஜ்ல விளையாட்டோட இடம் என்னன்னு ஒரு கமிட்டி போட்டு ரிப்போர்ட்டே வெளியிட்டாங்க, ரொம்ப ஓப்பனா எழுதியிருக்காங்க. அதுல ரெண்டு வகை. ஒண்ணு "அத்லெடிக் ஃபேக்டர்", விளையாட்டு தான் அட்மிஷனை முடிவு பண்ணுச்சுன்னு சொல்லக்கூடிய பிள்ளைங்க, ஒரு வருஷத்துக்கு 67 பேர் வரைக்கும், இது நெஸ்காக் போட்ட லிமிட். இன்னொண்ணு "கோடட்", படிப்புல ஏற்கனவே ஸ்ட்ராங், கோச்சும் வேணும்னு குறிச்சுக் கொடுத்தவங்க, இவங்க 60லேர்ந்து 90 பேர். மொத்த வகுப்பே ஐநூறுக்குக் கீழ தான் இருக்கும். ரெண்டையும் கூட்டிப் பாத்தா எவ்ளோ பெரிய பங்குன்னு தெரியும். வில்லியம்ஸ்ல இதையே "டிப்"னு சொல்வாங்க, சில இடத்துல "ஸ்லாட்". பேச்சுவாக்குல எல்லாரும் ஸ்லாட்னு தான் சொல்றாங்க.

உங்க பொண்ணு மார்க்கைப் பாத்தா ரெண்டாவது வகைக்குப் பக்கமா வருவான்னு தோணுது. அப்படி இருந்தா கோச்சுக்கும் சௌகரியம், ஏன்னா தன்கிட்ட இருக்கற கொஞ்சம் ஸ்லாட்டைச் செலவு பண்ணாம ஒரு ஆளைக் கொண்டு வர முடியும்.

இப்ப ப்ரீ-ரீட். ஜூனியர் இயர் (லெவன்த்) முடிஞ்சு ஜூலைல ஆரம்பிக்கும். ட்ரான்ஸ்கிரிப்ட், டெஸ்ட் ஸ்கோர், சீனியர் இயர்ல என்ன கோர்ஸ் எடுக்கப் போறா, ஸ்கூல் ப்ரொஃபைல், இதெல்லாம் கோச் வழியா அட்மிஷன்ஸ்க்குப் போகும். அவங்க பாத்துட்டு "படிப்பு சைடுல ஓகே" இல்ல "கஷ்டம்" இல்ல "ஸ்லாட் போட்டா தான் முடியும்"ங்கற மாதிரி கோச்சுக்குச் சொல்வாங்க. இது அட்மிஷன் இல்ல. ப்ரீ-ரீட் ஓகே ஆன பிள்ளைங்க ஒரு கோச்சுக்குப் பத்துப் பதினஞ்சு பேர் இருப்பாங்க, கோச் சப்போர்ட் கொடுக்கறது அதுல சில பேருக்கு மட்டும். நிறைய குடும்பம் தடுக்கி விழறது இந்த இடத்துல தான். ப்ரீ-ரீட் பாசிட்டிவ்னு சந்தோஷத்துல எர்லி டெசிஷன் (சீட் கிடைச்சா அங்கயே சேரறேன்னு ஒரே காலேஜுக்கு முன்கூட்டியே அப்ளை பண்றது) போட்டுட்டு டிசம்பர்ல நோ வாங்கின பசங்களை எனக்கே தெரியும்.

அதனால கோச் என்ன வார்த்தை யூஸ் பண்றாங்கன்னு கவனிங்க. "நீ எங்க டீமுக்கு ரொம்ப நல்லா செட் ஆவே", "நீ அப்ளை பண்ணா சந்தோஷப்படுவோம்", இதெல்லாம் மரியாதைப் பேச்சு. "நீ எர்லி டெசிஷன் போட்டா அட்மிஷன்ஸ்ல என்னோட முழு சப்போர்ட் உனக்கு"ன்னு வாயைத் திறந்து சொன்னா தான் கணக்கு. அதுக்கப்புறமும் பொண்ணையே கேக்கச் சொல்லுங்க, நீங்க கேக்காதீங்க, அப்பா அம்மா பேசினா கோச்சுங்களுக்குப் பிடிக்காது. என் பையன் நேரடியா இப்படித் தான் கேட்டான்: "போன மூணு நாலு வருஷத்துல ப்ரீ-ரீட் ஓகே ஆகி, நீங்க முழு சப்போர்ட் கொடுத்தும் சீட் கிடைக்காம போனவங்க யாராவது உண்டா? இந்த வருஷம் உங்க லிஸ்ட்ல நான் எந்த இடத்துல இருக்கேன்?" நேர்மையான கோச் இதுக்கு நேரா பதில் சொல்வாங்க, அதைக் கேட்டா தப்பா நினைக்கவே மாட்டாங்க. மழுப்பினா அதையே பதிலா எடுத்துக்கோங்க.

நீச்சல்ல உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, எல்லாமே டைம். ஃபுட்பால், சாக்கர் மாதிரி கோச்சோட கண்ணுக்குப் பிடிக்கணும்னு இல்ல. பிப்ரவரில நடக்கற கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் ரிசல்ட் ஆன்லைன்ல இருக்கும், அதுல 100, 200 பிரெஸ்ட் எடுத்து ஃபைனல்ஸ்ல நீந்தினவங்க டைம் என்ன, கடைசியா பாயின்ட் வாங்கினவங்க டைம் என்னன்னு பாருங்க. உங்க பொண்ணு டைம் அதுக்குள்ள வந்தா கோச்சுக்கு அவ தேவை. அப்படியே அந்த டீம் ரோஸ்டரையும் பாருங்க, பிரெஸ்ட் ஸ்ட்ரோக்ல சீனியர்ஸ் எத்தனை பேர், அவங்க போயிட்டா இடம் காலியா, இல்ல ஃப்ரெஷ்மன்லயே மூணு பேர் நிக்கிறாங்களா. நல்ல டைம் வெச்சிருந்தும் அந்த வருஷம் அந்த ஈவென்ட்டுக்கு ஆள் தேவையில்லன்னா சப்போர்ட் வராது, அது பொண்ணோட குறை இல்ல.

கணக்கு_டீச்சர்:

பணம் பத்தி மட்டும் ஒண்ணு சேக்கறேன் மா. இந்த காலேஜ்ல ஃபீஸ், தங்கறது, சாப்பாடு எல்லாம் சேத்து இப்ப வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேல. ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, நீங்க சொன்ன மூணு காலேஜ்லயும் மெரிட் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, குடும்ப வருமானத்தை வெச்சு வர்ற எய்ட் மட்டும் தான். அது தாராளமாவே கொடுப்பாங்க, ஆனா ரெண்டு பேரும் ஐடில இருக்கற வீடுன்னா பெருசா ஒண்ணும் வராது. எர்லி டெசிஷன் போட்டா கட்டுப்பட்டாகணும், வேற காலேஜ் ஆஃபரோட ஒப்பிட்டுப் பாக்க முடியாது. அதனால ஜூலை வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே அந்தந்த காலேஜ் வெப்சைட்ல நெட் பிரைஸ் கால்குலேட்டர் (எய்ட் போக நீங்க கட்ட வேண்டியது எவ்ளோன்னு காட்டறது) போட்டுப் பாருங்க. அட்மிஷன் ப்ரீ-ரீட் மாதிரியே ஃபைனான்ஷியல் எய்ட் ப்ரீ-ரீட்டும் நிறைய இடத்துல பண்ணித் தராங்க, கோச்கிட்ட கேட்டா ஆஃபீஸ்ல சொல்வாங்க. அந்த நம்பர் கையில வராம யெஸ் சொல்லாதீங்க.

வயலின்_அப்பா:

மதி அம்மா, உங்க பொண்ணு உழைப்பு மேல எனக்கு முழு மரியாதை உண்டு, விடியக்காலைல எழுந்து தண்ணில குதிக்கறது சும்மா இல்ல. ஆனா உங்க வீட்டுக்காரரோட உறுத்தலை யாரும் பேசாம போறதால நான் சொல்றேன், அது நியாயமான உறுத்தல்.

என் பொண்ணு வயலின். அவளும் அதே அளவு நேரம் போட்டா, ஸ்டேட் ஆர்க்கெஸ்ட்ரா வரைக்கும் வந்தா. வயலின் டீச்சர் அட்மிஷன் ஆஃபீஸுக்கு லிஸ்ட் கொடுக்க முடியுமா? ஜூலைலயே யாராவது அவ ஃபைலைப் பாத்து "நீ அப்ளை பண்ணலாம்"னு சொல்வாங்களா? ஆர்ட்ஸ் சப்ளிமென்ட்னு வாசிச்ச ரெக்கார்டிங் அனுப்பலாம், ப்ரொஃபசர் கேட்டுட்டு நல்லாருக்குன்னு ஒரு குறிப்பு எழுதலாம், அவ்ளோ தான். கணக்குல, கவிதைல, ரிசர்ச்ல கொட்டி முழக்குற பிள்ளைங்களுக்கும் இதே கதி தான். அட்மிஷன்ல தனக்குன்னு ஒரு வக்கீலோட உள்ள போறது அத்லெட் மட்டும் தான்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, எர்லி டெசிஷன் அட்மிட் ரேட்டைப் பாத்து நம்மாளுங்க ஏமாறறாங்க. ரெகுலர் ரவுண்டை விட எர்லில ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தின்னு தெரியும், அதனால எர்லி போட்டா சான்ஸ் கூடும்னு நினைக்கறாங்க. அந்த எர்லி சீட்ல பெரும் பங்கு கோச்சுங்க ஆகஸ்ட்லயே பேசி முடிச்ச பிள்ளைங்களுக்கு. அவங்களைக் கழிச்சிட்டுப் பாத்தா மத்தவங்களுக்கு மிச்சம் இருக்கற சான்ஸ் அந்த நம்பர் காட்டற மாதிரி இல்லவே இல்ல. பொதுவா காலேஜுங்க அத்லெட்டைப் பிரிச்சு அந்தக் கணக்கை வெளியிடறதில்ல. ஃபெடரல் எஜுகேஷன் டிபார்ட்மென்ட்டோட ஈக்விட்டி இன் அத்லெடிக்ஸ் சைட்ல எந்த காலேஜ்லயும் எந்த ஸ்போர்ட்ல எத்தனை பேர்னு பாக்கலாம், அதை மொத்த மாணவர் எண்ணிக்கையோட வெச்சுப் பாத்தா ஒரு ஐடியா கிடைக்கும். அத்லெட் இல்லாத பிள்ளைங்களோட அப்பா அம்மா இதைக் கண்டிப்பா பாக்கணும்.

விளையாட்டுன்னா ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறக்கும்னு ஒரு நம்பிக்கை. எந்த விளையாட்டுங்க? ரோயிங், செய்லிங், ஸ்க்வாஷ், லக்ராஸ், ஃபென்சிங், இதெல்லாம் எந்த ஏழை வீட்டுப் பிள்ளை ஆடுது? 2023ல பொருளாதார நிபுணர் ராஜ் செட்டி டீம் ஐவி லீக்கையும் (ஹார்வர்ட், யேல் மாதிரி எட்டு யூனிவர்சிட்டி) அதே மட்டத்துல இருக்கற வேற நாலு யூனிவர்சிட்டியையும் ஆராய்ச்சி பண்ணாங்க. டாப் 1 சதவீத வருமானக் குடும்பத்துலேர்ந்து அட்மிட் ஆனவங்கள்ல எட்டுல ஒருத்தர் ரெக்ரூட் ஆன அத்லெட், கீழ இருக்கற 60 சதவீத வருமானக் குடும்பங்கள்ல இருபதுல ஒருத்தர் தான். பணக்காரப் பிள்ளைங்களுக்குக் கிடைக்கற கூடுதல் சான்ஸ்ல கால்வாசிக்கு ஸ்போர்ட்ஸ் ரெக்ரூட்மென்ட் தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அது சின்ன காலேஜ் பத்தின ஆராய்ச்சி இல்ல தான், ஆனா அதே விளையாட்டுங்க தான் இங்கயும், வகுப்புல பங்கு இன்னும் ஜாஸ்தி. அட்மிஷன்ல இனம் பாக்கறதை எதிர்த்து ஹார்வர்ட் மேல போட்ட கேஸ் கோர்ட்ல நடந்தப்போ ரெக்ரூட்டட் அத்லெட் அட்மிட் ரேட் 86 சதவீதம்னு வெளிய வந்துச்சு. 2023ல சுப்ரீம் கோர்ட் இனம் பாத்து சீட் கொடுக்கறதை நிறுத்திட்டாங்க, அத்லெட் முன்னுரிமையை யாரும் தொடல. ஆம்ஹெர்ஸ்ட் 2021ல பழைய மாணவர் பிள்ளைங்களுக்கான முன்னுரிமையைக் கூட எடுத்துட்டாங்க, மனசாரப் பாராட்டறேன், ஆனா இது அப்படியே இருக்கு.

முடியாதுன்னு இல்லீங்க. ஸ்வார்த்மோர் 2000 டிசம்பர்ல ஃபுட்பால் டீமையே கலைச்சாங்க, வருஷத்துக்கு நானூறு பேர் கூடச் சேக்காத காலேஜ்ல ஃபுட்பாலுக்கு மட்டும் இவ்ளோ சீட் ஒதுக்க முடியாதுன்னு. பழைய மாணவர்கள் கொதிச்சாங்க, ஆனா காலேஜுக்கு ஒண்ணும் ஆகல, இன்னிக்கும் டாப்ல தான் இருக்கு. எம்ஐடியும் டிவிஷன் 3 தான், அங்க கோச் சிபாரிசு பண்ணலாம், ஸ்லாட்னு ஒண்ணு கிடையாது, டீமெல்லாம் நல்லா தான் ஆடுது. மனசு வெச்சா முடியும்.

கிராஸ்கன்ட்ரி_அப்பா:

வயலின் அப்பா, சிஸ்டம் பத்தி நீங்க சொல்றதுல முக்கால்வாசிக்கு நானும் ஒத்துக்கறேன். ஓட்டத்துக்கு ஒரு ஜோடி ஷூ போதும், அந்த மாதிரி விளையாட்டுக்கும் செய்லிங்குக்கும் ஒரே மாதிரி ஸ்லாட் கொடுக்கறது எனக்கும் சரியா படல. ஆனா ரூலை எழுதினது காலேஜ். அதுக்குள்ள ஒரு பதினாறு வயசுப் பொண்ணு தன் டைமை எடுத்துட்டுப் போய் நிக்கறதுல என்ன தப்பு? அவளுக்குக் குற்ற உணர்ச்சி வர வைக்கக்கூடாது.

வயலின்_அப்பா:

பொண்ணைச் சொல்லவே இல்ல சார். அவ போகட்டும், நல்லா வரட்டும். காலேஜைத் தான் கேக்கறேன்.

பழைய_நீச்சல்காரி:

மதி ஆன்ட்டி, நான் ஒரு டிவிஷன் 3 சின்ன காலேஜ்ல நாலு வருஷம் நீந்தினேன், நானும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தான்! உள்ள போனப்புறம் எப்படி இருக்கும்னு யாரும் சொல்லலயே, அதனால எழுதறேன்.

நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வாழ்க்கையே பூல் தான். காலைல ஒரு ப்ராக்டிஸ், சாயங்காலம் ஒண்ணு, நடுவுல வெயிட்ஸ். கெமிஸ்ட்ரி லேப் மத்தியானம் ஆரம்பிச்சு அஞ்சு மணி தாண்டிப் போகும், அன்னிக்கு ப்ராக்டிஸ் லேட்டா ஓடணும், தலைமுடி ஈரத்தோட டைனிங் ஹால் மூடறதுக்கு முன்னாடி போய் நிக்கணும். டிவிஷன் 3ல நல்லது என்னன்னா "லேப் இருக்கு"ன்னா கோச் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஜனவரில எல்லாரும் லீவுல இருக்கறப்போ நாங்க மட்டும் ட்ரெய்னிங்குக்குத் திரும்பி வருவோம், அப்ப தான் டீம் நெஜமாவே குடும்பமாச்சு.

ஆனா ஆன்ட்டி, ஒரு விஷயம் பொண்ணு கிட்ட இப்பவே பேசுங்க. எனக்கு செகண்ட் இயர்ல முட்டி போச்சு, ஒரு சீசன் முழுக்கப் போச்சு. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தறவங்களுக்கு முட்டி தான் முதல்ல போகும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த வருஷம் நான் அந்த காலேஜ்ல சந்தோஷமா இருந்தேன், ஏன்னா நீச்சல் இல்லன்னாலும் எனக்கு அந்த இடம் பிடிச்சிருந்துச்சு, ப்ரொஃபசர்ஸ் பிடிச்சிருந்தாங்க. என் கூட வந்த ஒரு பொண்ணு கோச்சுக்காக மட்டும் வந்தா, அந்த கோச் மறு வருஷமே வேற வேலைக்குப் போயிட்டாங்க, அவளும் டீமை விட்டா, அப்புறம் அந்த ஊரே அவளுக்குப் பிடிக்கல. டீமை விட்டாலும் சீட் போகாது, எய்ட்டும் போகாது, ஏன்னா அது வருமானத்தை வெச்சு வந்தது. டிவிஷன் 1 ஸ்காலர்ஷிப்ல போனவங்களுக்கு இந்த நிம்மதி கிடையாது. அதனால கேம்பஸ் விசிட் போறப்போ டீம் கூட ஒரு ராத்திரி தங்கறதோட நிக்காம, பூல் பக்கமே போகாம ஒரு நாள் கிளாஸ்ல உக்காந்து பாக்கச் சொல்லுங்க.

அப்புறம் அங்கிள் சொன்ன உறுத்தல் உள்ள போனப்புறமும் இருக்கும். "ஓ, நீ அத்லெட்டா"ன்னு ஒரு டோன்ல கேப்பாங்க. சில காலேஜ்ல அத்லெட்ஸ் தனி டேபிள், மத்தவங்க தனி டேபிள்னு ரெண்டு உலகமாவே இருக்கும், ஆம்ஹெர்ஸ்ட் ரிப்போர்ட்லயே அதைப் பத்திக் கவலைப்பட்டு எழுதியிருக்காங்க. விசிட் போறப்போ டைனிங் ஹால்ல அதையும் ஒரு கண் பாத்துக்கோங்க.

ஸ்க்வாஷ்_தம்பி:

அக்கா, இந்த த்ரெட்டை இந்தியாலேர்ந்து படிக்கறவங்களுக்காக ஒண்ணு. ஸ்க்வாஷ் என்சிஏஏக்குக் கீழ வராது, தனி அசோசியேஷன், அங்க டிவிஷன் 3 காலேஜும் ஐவியும் ஒரே லீக்ல மோதும். ஹார்ட்ஃபோர்ட்ல இருக்கற ட்ரினிட்டி காலேஜ் 1999லேர்ந்து 2011 வரைக்கும் தொடர்ந்து 13 நேஷனல் டைட்டில், 252 மேட்ச் தோக்கவே இல்ல, அந்த டீம்ல இந்தியாலேர்ந்து வந்த பசங்க நிறைய. ஹாவர்ஃபோர்ட்ல வார்சிட்டி கிரிக்கெட்டே இருக்கு, அமெரிக்காலயே அங்க மட்டும் தான், ஆனா கிரிக்கெட்டைக் காட்டி சீட் வாங்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. "எங்களுக்கு கோச்சைத் தெரியும்"னு காசு கேக்கற ஏஜென்ட் பக்கமும் போகாதீங்க. 2019ல ஆடாத பிள்ளைங்களை அத்லெட்னு காட்டி காசு வாங்கின கேஸ்ல கோச்சுங்களே ஜெயிலுக்குப் போனாங்க. கோச் ஈமெயில் டீம் வெப்சைட்லயே இருக்கு, பசங்களே எழுதினா போதும்.

மதி_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வயலின் அப்பா, நீங்க எழுதினதை வீட்டுக்காரர் ரெண்டு தடவை படிச்சாரு. பொண்ணு நேத்து ராத்திரியே கான்ஃபரன்ஸ் ரிசல்ட் எடுத்துப் பாத்தா, 200ல பாயின்ட் வர்ற இடத்துல இருக்கா, 100ல இன்னும் கொஞ்சம் குறைக்கணும். ஒரே ஒரு டவுட், ப்ரீ-ரீட் ஒரே நேரத்துல ரெண்டு மூணு காலேஜ்ல பண்ணலாமா? அது தப்பா எடுத்துப்பாங்களா?

கிராஸ்கன்ட்ரி_அப்பா:

தாராளமா பண்ணலாம், எல்லாரும் பண்றாங்க, கோச்சுங்களுக்கும் தெரியும். கேட்டா மறைக்காம சொல்லணும், அவ்ளோ தான். கோச்சுங்க உலகம் சின்னது, ஒருத்தருக்கொருத்தர் பேசிப்பாங்க. ஆகஸ்ட் வாக்குல சப்போர்ட் தரேன்னு சொல்லிட்டு, "எர்லி டெசிஷன் போடறியா"ன்னு பதில் கேப்பாங்க, பத்து நாள் டைம் கேட்டா கொடுப்பாங்க. யெஸ் சொன்ன அன்னிக்கே மத்த கோச்சுங்களுக்கு அவளே மெயில் போட்டு நன்றி சொல்லி விலகிக்கணும், அந்த ஸ்லாட்டுக்காக வேற ஒரு பிள்ளை காத்துட்டு இருக்கும். யாருமே சப்போர்ட் தரலன்னாலும் சாதாரணமா அப்ளை பண்ணி உள்ள போனப்புறம் வாக்-ஆனா, அதாவது கோச் சிபாரிசு இல்லாம சேந்த மாணவியா, டீம்ல கேக்கலாம், நீச்சல்ல சில டீம் சந்தோஷமா சேத்துப்பாங்க. 100 டைம் குறைஞ்சா உடனே ஒரு வரி மெயில் போடச் சொல்லுங்க, மீட் பேரும் ரிசல்ட் லிங்க்கும் சேத்து.